போர் ஓய்ந்த பிறகு ஊர் எப்படி எழும்? உள்ளாட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கத்துக் கிராமங்களில் கிராம சபை பற்றிப் பேசப் போகும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊராட்சித் தலைவராக இருந்தவர்கள், மகளிர் குழு அக்காக்கள், பாசனச் சங்கத்துக்காரர்கள், முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்று பலர் கேட்டவை. பெரும்பாலும் இலங்கை வடக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன். நேபாளம், ருவாண்டா, ஆப்கானிஸ்தான் ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும்.

ஏனுங்க, போர் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம். கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?

பவானிசாகரில், அரச்சலூரில், கோவை பூளுவபட்டியில், கரூர் இராயனூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள், அடுத்தடுத்த சண்டைகளில் வந்து சேர்ந்தவர்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கே குடியிருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவராகவும், நம் பிள்ளையோடு ஒரே வகுப்பில் படிக்கிற பெண்ணாகவும் அவர்களை நமக்குத் தெரியும். அவர்களுக்கு அங்கே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் இப்போது யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ‘போகலாமா, இருக்கலாமா’ என்ற பேச்சே நகரும்.

இன்னொன்றும் உண்டு. போர் முடிந்த கையோடு யார் கணக்கெழுத உட்காருகிறார்களோ, அவர்கள் எழுதியதுதான் பல தலைமுறைக்கு நிற்கும். மைசூர்ப் போரில் திப்பு தோற்று 1792-இல் உடன்படிக்கை ஆனபோது சேலமும் பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி, தாமஸ் மன்றோ முதலான உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி போட்டார். ஒவ்வொரு குடியானவரிடமும் அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவெடுத்தது. இன்று பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறோமே, அதன் வேர் ஒரு போருக்குப் பின் எழுதிய கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதும்போது ஊரைக் கூட்டிவைத்து யாரும் சம்மதம் கேட்கவில்லை.

போர் முடிந்த ஊரில் முதலில் எது வேண்டும்? வீடா, ரோடா, தேர்தலா?

கண்ணிவெடி எடுக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வேலைகள் தொடங்கும் அன்றே இன்னொன்றும் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆள் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டால் ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாத ஆளாக அவர் இருக்க வேண்டும்.

நிவாரணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் காணாமல் போய்விட்டார், இறப்புச் சான்றிதழ் இல்லை. அந்த அம்மாவைப் பட்டியலில் எப்படி எழுதுவது? மூத்த மகளுக்குக் கல்யாணமாகி அதே கொட்டிலில் தனி அடுப்பு வைத்திருக்கிறாள். ஒரு குடும்பமா, இரண்டா? இரண்டு காணிக்கும் நடுவில் இருக்கிற கிணறு யாருடையது? வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு இதற்கெல்லாம் விடை தெரியாது. ஊருக்குத் தெரியும். ஊர் பொய் சொல்லாதா என்றால், சொல்லும். அதனால்தான் பட்டியலை எல்லோரும் கூடியிருக்கும்போது உரக்க வாசிக்க வேண்டும். ஒருவரோடு தனியாகப் பேசும்போது சொல்கிற பொய்யை இருநூறு பேர் முன்னால் சொல்ல நாக்குக் கூசும்.

இலங்கையில் ஊராட்சி மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பிரதேச சபை இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. நம் ஊராட்சியைவிடப் பெரிது, ஏறக்குறைய ஊராட்சி ஒன்றியம் அளவு என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ச் சாலை, சந்தை, வடிகால், நூலகம், விளையாட்டு மைதானம், சுடுகாடு இவையெல்லாம் அதன் வேலை. தவிசாளர் என்பவர் தலைவர்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பிரதேச செயலகம் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது அரசு அலுவலகம். காணி, வீட்டுத் திட்டம், நிவாரணம் எல்லாம் பிரதேச செயலர் கையில். அவருக்கு மேலே அரச அதிபர், அதாவது நம் கலெக்டர் மாதிரி. கீழே கிராம அலுவலர், பழைய வழக்கத்தில் கிராம சேவகர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபையிடம் குப்பை வண்டியும் தெருவிளக்கும் இருக்கின்றன. வாழ்வைப் புரட்டிப்போடும் காணியும் வீடும் தேர்ந்தெடுக்கப்படாத அலுவலகத்தில் இருக்கின்றன. போருக்குப் பின் வடக்கில் மக்கள் பட்ட அலைச்சலில் பாதி இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில்தான்.

கிராம மட்டத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, மீனவர் சங்கம் என்று பல உண்டு. சட்டப்படி இவை உள்ளாட்சி ஆகா. ஆனால் ஊர் கூடி உட்கார்ந்து பேசுவது இங்கேதான்.

2009-க்குப் பிறகு வடக்கில் உண்மையில் நடந்தது என்ன?

2009 மே மாதம் போர் முடிந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் வவுனியா பக்கத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் முள்கம்பிக்குள் அடைபட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். அதே 2009-இல் வடக்கின் மீள்குடியேற்றம், அபிவிருத்தி, பாதுகாப்பு மூன்றையும் கவனிக்க அன்றைய ஜனாதிபதி மகிந்தவின் தம்பி பசில் ராஜபக்ச தலைமையில் ஒரு ஜனாதிபதிச் செயலணியை வைத்தார்கள். தொண்டு நிறுவனம் ஒன்று கிராமத்தில் கிணறு வெட்டுவதென்றாலும் அந்தச் செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. மாகாண ஆளுநராக முன்னாள் ராணுவ ஜெனரல் ஒருவர் உட்கார்ந்தார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை பளபளவென்று வந்தது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடியது. இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ரயிலும் ரோடும் மக்களுக்கு வேண்டியவைதான்.

ஆனால் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21 அன்று, போர் முடிந்து நாலு வருடம் கழித்து. அதற்குள் எந்தக் காணியில் ராணுவம் இருக்கும், எந்தச் சாலை எவ்வழி போகும், எந்த ஊர் எப்போது திறக்கும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. 2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அடுத்து வர வேண்டிய தேர்தல் வரவில்லை.

பிரதேச சபைகளின் கதையும் ஏறத்தாழ இதுதான். 2015-இல் காலம் முடிந்த சபைகளுக்கு 2018 பிப்ரவரி 10 அன்றுதான் தேர்தல் வந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்ன பிறகு, 2025 மே 6 அன்று ஓட்டுப் பதிவு நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர்கள் கையெழுத்துப் போட்டுச் சபையை நடத்தினார்கள்.

வீட்டுத் திட்டம் நன்றாக நடந்தது என்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன?

இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் வைத்துக் கட்டினார்கள். பிறகு 2012 அக்டோபர் 2 முதல் வழியை மாற்றினார்கள். குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் போடப்பட்டது, ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். அத்திவாரம் எழும்பினால் ஒரு தவணை, கூரை மட்டம் வந்தால் இன்னொன்று. கொத்தனாரைப் பேசுவதும் கல் இறக்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு.

இதில் எனக்குப் பிடித்தது, ஒரு அம்மா தன் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று தானே சொன்னாள் என்பது. ஒப்பந்தக்காரர் கட்டினால் பத்து வீடும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சமையலறை எங்கே, கிணற்றடிக்குப் போகிற வழி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சங்கடமும் இல்லாமல் இல்லை. ஒரே நேரத்தில் ஊர் முழுக்கக் கட்டினால் மணல் விலை ஏறும், மேசன் கிடைக்க மாட்டார். கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிடலாம் என்று கடன் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. ஆண் துணை இல்லாத வீடுகளில் சாமான் இறக்கவே ஆள் தேட வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து மொத்தமாகச் சாமான் வாங்கி, முறைவைத்து ஒத்தாசை செய்துகொண்ட இடங்களில் இது எளிதாக முடிந்தது. பணத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதைச் செலவழிக்கும்போது கூடி யோசிக்க ஒரு அமைப்பும் வேண்டும்.

தண்ணீர்ப் பங்கீடு எப்படி? நம் கீழ்பவானி மாதிரி ஏதாவது அங்கே உண்டா?

உண்டு. எனக்கு மனசுக்கு நெருக்கமான கேள்வி இது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய வேண்டும். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் நெல் போடத் தண்ணீர் பற்றாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து, 1,03,500 ஏக்கருக்கு ஒரு போகம் நஞ்சைக்கும், மீதி 1,03,500 ஏக்கருக்கு அடுத்த போகம் புஞ்சைக்கும் விடுகிறோம். வருடத்துக்கு வருடம் முறை மாறும். கடைமடைக்காரர் எப்போதும் சண்டைக்கு நிற்பார். அவர் நியாயம் அவருக்கு.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் இருக்கிறது. மழைக் காலத்தில் பயிரிடுவது கால போகம். அப்போது பெரிய சிக்கல் இல்லை. சித்திரை வாக்கில் வரும் சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் விதைக்க முடியும். விதைப்புக்கு முன்னால் கூட்டம் போடுவார்கள். அரச அதிபர் தலைமை தாங்குவார், நீர்ப்பாசன அதிகாரிகள் வருவார்கள், கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் வருவார்கள். இந்த வருடம் மொத்தம் எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, என்ன தேதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், யார் மாடு வயலுக்குள் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானம் ஆகும். முழு நிலத்துக்கும் தண்ணீர் இல்லையென்றால் எல்லோருக்கும் பங்கு போட்டுக் குறைப்பார்கள். தன் வயலில் விதைக்க முடியாதவர் தன் பங்கை இன்னொருவர் வயலோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு.

போர் இந்த வயல்களை வெறும் காடாக்கியது. திரும்பி வந்தவர்களிடம் உழவு மாடு இல்லை, டிராக்டர் இல்லை, வரம்பு எது வாய்க்கால் எது என்ற அடையாளம்கூடப் பல இடங்களில் இல்லை. ஆனால் யாருக்கு எந்த வாய்க்காலில் எத்தனை பங்கு என்பது ஆட்களின் நினைவில் இருந்தது. சங்கத்தை மறுபடி கூட்டியபோது அந்த நினைவுதான் முதல் மூலதனம்.

அந்தச் சங்கங்களின் பலம் தெரிந்தது இன்னொரு சமயத்தில். இரணைமடுத் தண்ணீரைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோக ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுபோகத்துக்கே தண்ணீர் முட்டுகிறது, எங்களைக் கேட்காமல் எப்படி என்றார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கும் நல்ல தண்ணீர் இல்லாத கஷ்டம் உண்மைதான். இரண்டு பக்கமும் தமிழர்கள், இரண்டு பக்கமும் போரில் அடிபட்டவர்கள். கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டத்தின் பக்கம் போனார்கள். அந்த முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. நான் கவனிப்பது, சங்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த விவசாயிகளின் பேச்சு யார் காதிலும் விழுந்திருக்காது என்பதைத்தான். கீழ்பவானியில் கான்கிரீட் தளம் போடுவதா வேண்டாமா என்று நாம் அடித்துக்கொண்ட காலத்தில் இதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போது புதிதாக ஒரு சபை எதற்கு? இரண்டும் இருந்தால் நல்லதுதானே?

இரண்டும் இருக்கலாம். எது எதற்குப் பொறுப்பு என்று தெளிவாக இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததைவிட மோசமாகப் போகும். ஆப்கானிஸ்தானில் 2003-இல் தேசிய ஒற்றுமைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமம்தோறும் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு மேம்பாட்டுக் குழு, அதன் கையில் நேராகப் பணம். ஏறக்குறைய 35,000 கிராமங்கள் வரை போனது.

அங்கே சில நூறு கிராமங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. உணவு தானியம் கொடுத்து, சில கிராமங்களில் ‘பங்கிடுவது தேர்ந்தெடுத்த குழுவின் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டார்கள். வேறு சில கிராமங்களில் யார் பங்கிடுவது என்று சொல்லவில்லை. பொறுப்பு தெளிவாக இருந்த இடத்தில் தானியம் ஏழைகளுக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. குழுவும் இருந்து, பழைய பெரியவர்களும் இருந்து, யார் என்றே தெரியாத இடத்தில் சுருட்டல் கூடியது. நீ செய்தாயா நான் செய்தேனா என்ற மயக்கத்தில் மூட்டை மறைந்துவிடுகிறது.

2021-இல் காபூலில் ஆட்சி கவிழ்ந்தது. கிராமத்துக் குழு எவ்வளவு நன்றாக நடந்தாலும் மேலே இருப்பது சரிந்தால் தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது. உள்ளாட்சியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நேபாளத்தில் மாவோயிஸ்ட் சண்டைக்குப் பின் என்ன செய்தார்கள்?

பத்து வருடச் சண்டை 2006 நவம்பரில் ஒப்பந்தத்தில் முடிந்தது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 1997-க்குப் பிறகு 2017-இல்தான் நடந்தது. இருபது வருட இடைவெளி. ஒரு தலைமுறை, தன் வார்டு உறுப்பினர் யார் என்றே தெரியாமல் வளர்ந்தது.

அந்த இருபது வருடமும் ஊரைப் பிடித்து வைத்திருந்தது காட்டுப் பயனாளர் குழுக்கள் என்று சொல்லலாம். 1993 வனச் சட்டத்தின்படி கிராமத்தார் தங்கள் காட்டைத் தாங்களே பராமரித்து, விறகும் தழையும் பங்கிட்டு, வருமானத்தில் பள்ளிக்கூடமும் பாதையும் போட்டார்கள். 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள். சண்டை நடந்தபோது அரசுச் செயலர்கள் மாவட்டத் தலைநகருக்கு ஓடிவிட்டார்கள். பல இடங்களில் இந்தக் குழுக்கள் மட்டும் மாதாமாதம் கூடிக் கணக்கு எழுதின.

2015 அரசியலமைப்பின்படி 753 உள்ளாட்சி அரசுகள் உருவாயின. வார்டுக்கு ஐந்து பேர், அதில் இருவர் பெண்கள், அந்த இருவரில் ஒருவர் தலித் பெண் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 6,743 வார்டுகளில் 6,500-க்கும் அதிகமான தலித் பெண்கள் ஜெயித்து வந்தார்கள். உள்ளாட்சியின் துணைத் தலைவர் தலைமையிலான நீதிக் குழு ஊர் வழக்குகளைக் கேட்கிறது. அந்தத் துணைத் தலைவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ருவாண்டா வேகமாக எழுந்துவிட்டதே. கண்டிப்பாக நடத்தினால்தான் வேலை ஆகும் போலிருக்கிறதே?

1994 இனப்படுகொலைக்குப் பின் அந்த நாடு எழுந்தது ஆச்சரியம்தான். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே இறங்கி ரோடு போடுகிறது, வாய்க்கால் வெட்டுகிறது. உமுகாண்டா என்று பெயர். ககாச்சா என்ற ஊர் மன்றங்கள் 2012 வரை நடந்து ஏறக்குறைய 20 லட்சம் வழக்குகளைக் கேட்டு முடித்தன. வழக்கமான நீதிமன்றங்களுக்கு விட்டிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஆயுள் போதாது.

ஆனால் உள்ளூர்த் தலைவர்கள் ஆண்டுதோறும் இலக்கு எழுதிக் கொடுத்து மேலே கையெழுத்துப் போடுகிறார்கள். மேலிடத்துக்குத்தான் பதில் சொல்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவருக்கு இடம் குறைவு. நம் ஊர்க்காரர் ‘கண்டிப்பு’ என்று சொல்லும்போது யாருடைய கண்டிப்பு, யார் மேல் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊர் தன் தலைவரைக் கண்டித்தால் நல்லது. தலைவர் ஊரைக் கண்டித்தால் அடுத்த சண்டைக்கு விதை போட்டாகிவிட்டது.

சாதி அப்படியே இருக்கிறபோது ஊருக்கு அதிகாரம் கொடுத்தால் பெரிய வீட்டுக்காரர் கைக்குத்தானே போகும்?

போகும். இதை மறைத்து உள்ளாட்சியைப் புகழ்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. போர் சாதியை அழித்துவிடும் என்று சிலர் நம்பினார்கள், அழிக்கவில்லை. 1990-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணி, காசு, வெளிநாட்டு உறவு உள்ளவர்கள் மெல்ல வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பத்து இருபது வருடம் தாண்டியும் நலன்புரி நிலையங்கள் என்ற முகாம்களில் தங்கிப்போனவர்களில் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களே அதிகம்.

நம் பக்கம் யோக்கியதை என்ன? பட்டியல் சாதித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை, கொடியேற்ற விடவில்லை என்ற புகார்கள் 2020-இல் தமிழகத்தின் பல இடங்களிலிருந்து வந்தன. கோவை மாவட்டத்திலிருந்தும் வந்தது. படிக்கும்போது உடம்பு எரிந்தது.

இதற்கு மருந்து உள்ளாட்சியை எடுத்துவிடுவதாக இருக்க முடியாது. அதிகாரி கையில் கொடுத்தாலும் அதிகாரியின் வீட்டு வாசலில் முதலில் நிற்பவர் பெரிய வீட்டுக்காரர்தான். சுழற்சி முறையில் இட ஒதுக்கீடு, காலனியிலேயே கிராம சபை நடத்துவது, பட்டியலை அங்கேயே வாசிப்பது, வன்கொடுமைச் சட்டத்தைத் தயங்காமல் பயன்படுத்துவது எல்லாம் சேர்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். நேபாளத்துக்காரர்கள் தலித் பெண்ணின் இடத்தைச் சட்டத்திலேயே பூட்டி வைத்தது இதனால்தான்.

பெண்கள் பங்கு?

போருக்குப் பின் வடக்கில் பல்லாயிரம் வீடுகளில் பெண்தான் தலைவர். ஆனால் உள்ளாட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். 25 சதவீத ஒதுக்கீடு வந்து 2018 தேர்தலில்தான் நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் 50 சதவீதம். எண்ணிக்கை வந்த பிறகு ‘கணவர்தான் பேசுவார்’ என்ற அடுத்த தடை வரும். அதை உடைக்கக் கிராம சபையில் மற்ற பெண்களின் எண்ணிக்கை வேண்டும்.

ஒரு கிராம சபையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ரயில் வேகத்தில் வாசித்துக்கொண்டு போனார். நூறு நாள் வேலை அட்டையை மடியில் வைத்திருந்த ஒரு அக்கா எழுந்து, “ஏனுங்க, மோட்டார் ரிப்பேருன்னு மூணு தடவ வாசிச்சீங்களே, எந்தெந்த மோட்டாருங்க?” என்றார். செயலர் பக்கத்தைப் புரட்டி இரண்டைச் சொன்னார். மூன்றாவது அந்த அக்கா தெருவின் மோட்டார். “எங்க தெருவுக்கு ரெண்டு மாசமா தண்ணியே வரலீங்களே, சாமி.” கூட்டத்தில் சத்தம் எழுந்தது. அந்த வாரமே மோட்டார் ஓடியது.

முகாமில் இருக்கிறவர்கள் நம் கிராம சபையில் பேசலாமா?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே கிராம சபை உறுப்பினர்கள். முகாமில் பெரும்பாலோருக்கு ஓட்டில்லை. எனவே தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது. அந்த ஊராட்சியின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அந்தத் தெருவிளக்கில்தான் நடக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நாற்பது வருடமாக இப்படி. இது சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறுப்பினரான நீங்கள் எழுந்து முகாமின் குடிநீர், சாக்கடை, சாலை பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம். அவர்கள் சொல்வதை முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிப் போங்கள். அப்புறம், இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். முகாமில் அப்படிப் பிறந்தவர் யாரேனும் இருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பிப் போக நினைக்கும் குடும்பம் இங்கிருந்தே என்ன தயார் செய்ய வேண்டும்?

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் செய்ய வேண்டிய குடியுரிமைப் பதிவும் முதலில். இது இல்லாமல் போனால் அங்கே அடையாள அட்டை வாங்க நாய் படாத பாடு படவேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், முகாம் பதிவுச் சீட்டு எல்லாவற்றின் நகலும் வேண்டும்.

அடுத்தது காணி. இலங்கையில் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கேட்கலாம். போரால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்பதால் 2016-இல் தனிச் சட்டம் செய்தார்கள். உங்கள் காணிக்கு அது பொருந்துமா என்று அங்குள்ள சட்டத்தரணி (வக்கீல்) ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உறுதிப் பத்திரம் தொலைந்திருந்தால் காணியின் எல்லை, பக்கத்துக் காணிக்காரர் பெயர், கிணறு, பனை, பூவரசு என்று பெரியவர்கள் நினைவில் இருப்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். போனதும் கிராம அலுவலரிடம் பதிவு, பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சேருவது. சங்கத்தில் பெயர் இல்லாவிட்டால் பட்டியல் வாசிக்கும்போது உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது.

நம் ஊராட்சிகளிலேயே இப்போது தலைவர் இல்லையே. நாம் என்ன செய்வது?

2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்த மூன்று வருடம் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அன்றிலிருந்து கொங்கு மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. போர் இல்லாத நம் ஊரிலேயே இப்படி என்றால், கிளிநொச்சிக்காரரின் பொறுமை எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் அது கூட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆள் வராமல் கையெழுத்து மட்டும் வாங்குகிற பழக்கம் இருந்தால் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐ மெதுவாக, இனம் இனமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதும் தீர்மானத்தில் வேலையின் பெயர், தெருவின் பெயர், தொகை, முடிக்க வேண்டிய மாதம் நான்கும் இருக்கட்டும். தீர்மான நோட்டைக் கூட்டம் கலைவதற்கு முன்பே திருப்பி வாசிக்கக் கேளுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சபையில் முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்து, எது முடிந்தது எது முடியவில்லை என்று தனி அலுவலரிடம் கேளுங்கள்.